நூறு மீட்டருக்குள் ஒரு வீடு



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொன்ன காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ப்பதுதான் கஷ்டமாக இருந்திருக்கும். இன்று காகிதம் சேர்ப்பதுதான் கஷ்டம். அதிலும் பழைய கோயிலுக்குப் பக்கத்தில் மனை இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்!

தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலை நம்மில் பலர் பார்த்திருப்போம். இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது. 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. இது போன்ற கோயில்களின் வாசலில் தொல்லியல் துறை வைத்திருக்கும் பலகையை எத்தனை பேர் நின்று படித்தோம்? அந்தப் பலகைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1958-இல் வந்த அந்தச் சட்டத்தை 2010-இல் திருத்தினார்கள். அதன்படி சின்னத்தின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து (கோபுரத்திலிருந்து அல்ல, கவனிக்கவும்) 100 மீட்டர் வரை புதிதாகக் கட்டவே கூடாது. அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டர் வரை, தேசிய நினைவுச்சின்ன ஆணையம் சம்மதித்தால்தான் கட்டலாம். மீறினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

என் அப்பா கொத்தனார். அம்மா சித்தாள். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான்தான். அதனால் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். அத்தை வீடு இன்னொரு பழைய கோயிலின் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. தாத்தா காலத்து ஓட்டு வீடு. கொல்லைப்புறம் ஒரு கக்கூஸ் கட்ட அஸ்திவாரம் தோண்டினார்கள். பிளான் போட்டவர் பணத்தை வாங்கிக்கொண்டாரே தவிர, சட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. பத்தாம் நாள் ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் வந்தது. "என்னடா எழுதியிருக்கான், பாத்துச் சொல்லு" என்றார் அப்பா. எந்த பிளானையும் ஒரே பார்வையில் படித்துவிடும் மனிதர், அந்த ஒரு தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நூலகத்தில் உட்கார்ந்து அந்தச் சட்டத்தைப் படித்தேன். 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுது பார்க்கலாம். அதற்கும் அனுமதி வாங்க வேண்டும்.  ஒரு அடி நீட்டினாலும் அது 'கட்டுமானம்' ஆகிவிடும். ஆனால் பொதுக் கழிப்பறை 'கட்டுமானம்' என்ற கணக்கில் வராது! தெருமுனையில் ஊருக்கு ஒன்று கட்டலாம், அறுபது வயது அத்தைக்குக் கொல்லையில் ஒன்று கட்டக்கூடாது. என்ன நியாயம், சொல்லுங்க!

உடனே "சட்டமே வேண்டாம்" என்று நான் கோஷம் போடவில்லை. சட்டம் இல்லாவிட்டால் கோயில் மதிலை ஒட்டியே நாலு மாடி லாட்ஜ் எழும்பும். அதையும் நம்ம ஆட்களை வைத்துத்தான் கட்டுவார்கள். என் சண்டை மீட்டர் கணக்கோடு மட்டும்தான். நாட்டில் மத்திய அரசு காக்கும் சின்னங்கள் 3,600-க்கும் மேல். தாஜ்மகாலுக்கும் 100 மீட்டர், வடநாட்டுச் சாலையோரம் மொகலாயர் காலத்தில் தூரம் காட்ட நட்ட செங்கல் தூணுக்கும் அதே 100 மீட்டர்!

சிவில் படிக்கிற நமக்குத் தெரியும், ஒரு கட்டடத்தைக் கெடுப்பது தூரம் மட்டும் அல்ல. மட்டமும் கெடுக்கும். தாராசுரத்தில் கோயில் பள்ளத்தில் இருக்கிறது, சுற்றிலும் தரை மேடு. மழை பெய்தால் தண்ணீர் கோயிலுக்குள் வந்து நிற்கிறது. அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தெருவின் மட்டம் என்ன, வடிகால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதானே?

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேள்விக்கு இடம் அதே சட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாகத் துணை விதி எழுத வேண்டும், அதில் வீடுகளின் உயரம், முகப்பு, வடிகால் எல்லாம் வர வேண்டும் என்று 2010-லேயே சொல்லிவிட்டார்கள். பல இடங்களுக்கு அந்த விதி இன்னும் வந்து சேரவில்லை. அது வரும்வரை அத்தை மாதிரி ஆட்களுக்கு மீட்டர்தான் நீதிபதி. வரும்போதாவது தமிழில் வரட்டும். படத்தோடு வரட்டும். இந்த உயரம், இந்தக் கூரைச் சாய்வு, இந்தத் திண்ணை, இவ்வளவு வரை சரி என்று வரைந்து வார்டு ஆபீஸ் சுவரில் ஒட்டினால் என் அப்பாவே படித்துக்கொள்வார். யாரிடமும் போய் நிற்க மாட்டார்.

நம் யூனியனுக்கு ஒரு யோசனை. டேப், ரேஞ்சிங் ராட், டம்பி லெவல் எல்லாம் லேபில் தூங்குகின்றன. பொங்கல் லீவில் இருபது பேர் சேர்ந்தால் ஒரு கோயிலைச் சுற்றி 100 மீட்டர் கோடும் 300 மீட்டர் கோடும் எந்த வீட்டின் மேல் போகிறது என்று தெருத் தெருவாக அளந்து, மட்டமும் எடுத்து, ஒரு படம் போட்டுவிடலாம். ஹெச்.ஓ.டி. சாரிடம் கேட்டுவிட்டேன், லெட்டர் கொடுத்தால் கருவிகள் தருகிறேன் என்கிறார். பெயர் கொடுப்பவர்கள் இரண்டாம் ஆண்டு சிவில் வகுப்புக்கு வரலாம்.