ஒரு சொல்லும் அதன் சொந்தக்காரர்களும்

நம் கவிதைகளில் அகதிகள் பெருகிவிட்டார்கள். நகரத்தில் வாடகை வீடு மாறுகிறவன் அகதி. மனைவியோடு பேச்சு நின்றுபோனவன் அகதி. மொழிக்குள் அகதி, உடலுக்குள் அகதி; கடைசியில் எல்லோரையும் ஒரே வரியில் அள்ளிப்போட்டுக்கொண்டு, நாம் எல்லோருமே அகதிகள். ஒரு காலத்தில் அந்நியமாதல் என்ற சொல் செய்துகொண்டிருந்த வேலையை இப்போது இது செய்கிறது. அது தேய்ந்துபோயிற்று, புதிதாக ஒன்று கைக்குக் கிடைத்தது. யாரிடமிருந்து எடுத்தோம் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

படிமமே கூடாது என்று சொல்ல வரவில்லை. அகதி என்ற சொல் எந்தச் சட்டத்தையும் விடப் பழையது, கதியற்றவன் என்பதே அதன் பொருள் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். வாஸ்தவம். என் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது. கதியற்றவன் இரக்கத்துக்காகக் காத்திருப்பவன். மனசிருந்தால் போடலாம், இல்லாவிட்டால் தாண்டிப் போகலாம். 1951இல் ஜெனிவாவில் உருவான அகதிகள் உடன்படிக்கை இதைத் தலைகீழாக்கிற்று. இனம், மதம், தேசியம், ஒரு குறிப்பிட்ட சமூகப் பிரிவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகியவற்றில் ஏதோ ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்று தகுந்த ஆதாரத்தோடு அஞ்சி, தன் நாட்டுக்கு வெளியே நிற்பவன் அகதி. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அவனைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 33ஆம் ஷரத்து. ஆபத்திலிருந்து நேராக ஓடிவந்து தாமதமில்லாமல் அதிகாரிகள் முன் நிற்பவனை, அனுமதியின்றி எல்லை தாண்டினான் என்பதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது 31ஆம் ஷரத்து. பிச்சைப் பாத்திரம் இருந்த கையில் ஒரு மனு வந்துவிட்டது. எதிரே இருப்பவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

இந்தச் சட்டத்துக்கு நான் தீபாராதனை காட்டவில்லை. இது ஓட்டை நிறைந்தது. 1.1.1951க்கு முந்தைய நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே செல்லும் என்றுதான் முதலில் எழுதினார்கள். ஐரோப்பாவோடு நிறுத்திக்கொள்ளவும் நாடுகளுக்கு வசதி வைத்தார்கள். 1967இன் நெறிமுறை வந்த பிறகே காலமும் இடமும் விரிந்தன. இன்றும் அந்த வரையறையில் யுத்தம் என்ற சொல் இல்லை. குண்டு விழுகிறது, ஓடி வந்தேன் என்பது மட்டும் போதாது. ஐந்து காரணங்களில் எது என்று காட்ட வேண்டும். ஆப்பிரிக்க நாடுகள் 1969இலும் லத்தீன் அமெரிக்க நாடுகள் 1984இல் கார்டஹீனாவிலும் போரையும் பொது வன்முறையையும் சேர்த்து வரையறையை அகட்டின. ஆசியாவில் அப்படிக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை கிடையாது.

எல்லையைத் தாண்டாதவன் கதை இன்னும் மோசம். 2009இல் வன்னியிலிருந்து வந்த ஏறக்குறைய 3 லட்சம் பேரை வவுனியா முகாம்களில் முள்கம்பிக்குள் வைத்தார்கள். பெரிய முகாமான மெனிக் பாம் மூடப்பட்டது 2012இல். சட்டத்தின் கண்ணில் அவர்கள் அகதிகள் அல்லர். சொந்த நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள். அவர்களை முகாமில் அடைக்கலாகாது, தவிர்க்க முடியாமல் அடைத்தாலும் தேவைக்கு மேல் நீடிக்கலாகாது என்று ஐ.நா.வின் 1998ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. நெறிகள்தான், கையெழுத்திட்டுக் கட்டுப்பட்டவர் யாருமில்லை. உள்நாட்டுப் போரில் மக்களைப் பெயர்த்தெறிவதைத் தடுக்கும் 1977இன் இரண்டாம் கூடுதல் நெறிமுறையில் இலங்கையும் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை.

1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள், 70,000க்கும் மேற்பட்டவர்கள், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நம் கவிஞரின் 'எல்லோருமே' என்பதில் இவர்கள் எப்போதாவது இருந்திருக்கிறார்களா?

இனி நம் வாசலுக்கு வருவோம். 1951 உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. 1946ஆம் ஆண்டு அந்நியர் சட்டத்தில் குடிமகன் அல்லாதவன் அந்நியன், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக 2025இல் வந்த சட்டத்திலும் அகதி என்ற வகை இல்லை. 1983 முதல் வந்தவர்களும் இங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளுமாக 50,000க்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். 2019இன் குடியுரிமைத் திருத்தம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் என்று மூன்று நாடுகளை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டது. 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயர் கௌரவக் குறைவு என்று இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஆயிற்று. நல்ல மனசுதான். ஆனால் பெயர்ப்பலகை மாறியதால் உள்ளே இருப்பவரின் சட்ட நிலை மாறவில்லை. 2025 செப்டம்பரில், 9.1.2015 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்திலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. விலக்கு சலுகை. கொடுத்த கை எடுத்துக்கொள்ளவும் செய்யும்.

இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் இந்தச் சொல் இல்லை. அவசியமில்லாத இடத்தில், நம் கவிதையில், குவிந்து கிடக்கிறது.

2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவைத் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்ற அமர்வு, இந்தியா தர்மசாலை அல்ல என்று வாய்மொழியாகச் சொன்னது. நம்மவர்கள் கொதித்தார்கள். கொதிக்க என்ன யோக்கியதை? அடைக்கலம் தர்மம் என்ற எண்ணத்தில்தானே இவர்கள் கவிதையும் நிற்கிறது? தர்மம் என்றால் இன்று சத்திரம் மூடியிருக்கிறது என்று சொல்ல உடையவனுக்கு இடமுண்டு. உரிமை என்றால் அப்படிச் சொல்ல முடியாது. இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டியவர்கள் சொல்லோடு புழங்குகிறவர்கள். அவர்களோ அந்தச் சொல்லைத் தங்கள் மனச்சோர்வுக்குப் போர்வையாக்கிக்கொண்டார்கள்.

ஹன்னா ஆரெண்ட் 1943இல் 'நாம் அகதிகள்' என்று ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவர் எந்த நாட்டின் குடிமகளும் அல்லர்; 1951 வரை அதே நிலைதான். அந்த 'நாம்' அவர் கொடுத்த விலைக்கு வந்தது. நம் கவிஞருக்கு ரேஷன் கார்டு இருக்கிறது, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறது, கருத்தரங்குக்குப் பறந்துபோய்த் திரும்பப் பாஸ்போர்ட் இருக்கிறது. வெளியூர் போக அவர் முகாமில் சொல்லிவிட்டுப் போக வேண்டியதில்லை.

தனிமைக்குத் தனிமை என்றே தமிழில் பெயர் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எழுதட்டும். அகதி என்ற சொல், அதைக் காட்டி ஒரு வாசலைத் திறக்கக் கேட்க வேண்டியவர்களுக்குத் தேவைப்படுகிறது.