ஐந்து கால் நாற்காலி

நாற்காலி என்ற சொல்லுக்கு அகராதிக்காரர்கள் இனி வேறு பொருள் எழுத வேண்டியதுதான். நான்கு கால் உள்ளது நாற்காலி என்பது பழைய கணக்கு. இன்று ஆபீஸ்களில் உருண்டோடுகிற நாற்காலிக்குக் கால் ஐந்து, ஐந்திலும் சக்கரம். நடுவில் ஒற்றைத் தண்டு, அதன்மேல் ஒரு மனிதன் என்று வைத்துவிட்டால், அவன் கொஞ்சம் எட்டிக் கை நீட்டினாலும் நான்கு சக்கரத்தில் கவிழ்ந்துவிடக்கூடும். அதனால் ஐந்தாவது காலைச் சேர்த்தார்கள். உட்காருகிறவன் விழக் கூடாது என்று எவ்வளவு கரிசனம் பாருங்கள்! ஆனால் அந்தக் கரிசனம் யார் யாருக்குப் போய்ச் சேருகிறது, யாருக்குச் சேராமலே போகிறது என்று எண்ணிப் பார்க்கிறபோது எனக்குக் கோபம் வருகிறது.

‘எர்கோனாமிக்’ என்ற வார்த்தை இப்போது கடைவீதியெல்லாம் அடிபடுகிறது. அதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. கருவிக்காக மனிதன் வளையக் கூடாது, மனிதனுக்காகக் கருவி வளைய வேண்டும் என்ற சாதாரண நியாயம்தான். செருப்பு வாங்குகிறவன் காலை நுழைத்துப் பார்க்கிறான். தையற்காரர் அளவெடுக்காமல் துணியில் கத்தரியை வைப்பதில்லை. ஆனால் ஒரு நாளில் எட்டு மணி நேரம் முதுகைத் தாங்கப் போகிற நாற்காலியை மட்டும் நம்மவர்கள் படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். விலை அதிகமா? அப்படியானால் நல்லதாய்த்தான் இருக்கும். முதுகு உயரமா? அப்படியானால் மானேஜருக்கு உரியது. நம் நாற்காலி சாஸ்திரம் முழுவதும் இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டது.

விலை உயர்ந்த நாற்காலிகளுக்குள்ளே பெரும்பெயர் எடுத்த ஒன்றின் கதையைச் சொல்கிறேன். 1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஹெர்மன் மில்லர் கம்பெனி ‘ஏரான்’ என்ற நாற்காலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர்கள் பில் ஸ்டம்ப், டான் சாட்விக் என்ற இருவர். அதற்கு முன்னால் வயதானவர்கள் நெடுநேரம் உட்காருவதற்கான ஒரு நாற்காலியில் அவர்கள் மூளையைச் செலவிட்டிருந்தார்கள். மெத்தையில் அழுந்திக் கிடக்கிற உடம்பில் சூடும் ஈரமும் தேங்கி, கடைசியில் அது புண்ணாகிறது என்பதைக் கண்டவர்கள். ஆகவே ஏரானில் தோல் உறையும் இல்லை, பஞ்சும் இல்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி ஒன்றுதான். காற்று ஊடே போய்வரும்.

நம் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் பிரம்புப் பின்னல் நாற்காலி செய்த காரியமும் இதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும், அது நியாயம். பிரம்பைத் தூக்கி எறிந்துவிட்டு ரெக்ஸின் மெத்தையை வாங்கிப் போட்டு, சித்திரை வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள உட்கார்ந்தவர்கள் நாம். ஆனால் உடனே, ‘எல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது’ என்று மார் தட்டவும் வேண்டாம். பிரம்பு நாற்காலிக்கு உயரத் தெரியாது, தாழத் தெரியாது. நெட்டைக்கும் குட்டைக்கும் ஒரே அளவு. போதாக்குறைக்கு மூட்டைப்பூச்சி.

ஏரானில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் வேறு. அதை மூன்று அளவுகளில் செய்தார்கள். அந்த மூன்றும் முதலாளிக்கு ஒன்று, மானேஜருக்கு ஒன்று, குமாஸ்தாவுக்கு ஒன்று என்று பிரித்தவை அல்ல. சிறிய உடம்புக்கு ஒன்று, நடுத்தர உடம்புக்கு ஒன்று, பெரிய உடம்புக்கு ஒன்று. அதாவது முதலாளி குள்ளமாக இருந்தால் அவருக்குச் சின்ன நாற்காலி. வாயிற்காவலர் ஆஜானுபாகுவாக இருந்தால் அவருக்குப் பெரிய நாற்காலி! எத்தனை சத்தியமான சிந்தனை! உத்தியோகத்தைப் பார்க்காமல் உடம்பைப் பார்த்த சிந்தனை.

ஆனால் உலகம் அதை என்ன செய்தது? 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் இணையக் கம்பெனிகள் புற்றீசலாகக் கிளம்பியபோது, இந்த நாற்காலியை வரிசையாக வாங்கிப் போடுவது ஓர் அந்தஸ்தாயிற்று. 2000-க்குப் பிறகு அந்தக் கம்பெனிகள் கவிழ்ந்தன. ஆள் இல்லாத ஆபீஸ்களிலிருந்து அதே நாற்காலிகள் குவியல் குவியலாக விலைக்கு வந்தன. அந்தஸ்தை ஒழிக்கப் பிறந்த பொருளையே அந்தஸ்தாக மாற்றிக்கொள்கிற சாமர்த்தியம் மனித ஜாதிக்கு மட்டுமே உண்டு.

நம் நாட்டு ஆபீஸ் ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். பெரியவர் அறையில் பெரிய நாற்காலி. முதுகு தலைக்கு மேலே போகும். சர்க்கார் ஆபீஸாக இருந்தால் அதன்மேல் ஒரு வெள்ளைத் துண்டு வேறு. அந்தப் பெரியவர் அதில் எவ்வளவு நேரம் உட்காருகிறார்? கூட்டம், பிரயாணம், சந்திப்பு, விருந்து எல்லாம் போக மிச்ச நேரம். வெளியே காலையிலிருந்து மாலை வரை கம்ப்யூட்டரில் எண்களைத் தட்டிக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு, ஒரு கை உடைந்து, ஏற்றினால் தானாக இறங்கிவிடுகிற நாற்காலி. அதிக நேரம் உட்காருகிறவருக்கு மட்டமான நாற்காலி, குறைந்த நேரம் உட்காருகிறவருக்கு உயர்ந்த நாற்காலி! இந்தத் தலைகீழ்க் கணக்கை யார் எழுதினார்கள்? எழுதியவர் உட்கார்ந்திருந்த நாற்காலி எதுவென்று தெரிந்தால் விடையும் தெரிந்துவிடும்.

விலையுயர்ந்த நாற்காலியே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. ஏரான் போன்றவை நம் நாட்டில் லட்ச ரூபாயைத் தாண்டுகின்றன. கேட்டவுடன் மயக்கம் வரத்தான் செய்யும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தக் கம்பெனி 12 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. ஆண்டுக்கு 250 வேலை நாள் என்று வைத்தால் 3,000 நாள். லட்சத்தை மூவாயிரத்தால் வகுத்தால் நாளுக்கு 33 ரூபாய். ஹோட்டலில் ஒரு காப்பிக் காசு. வருகிறவர்களை உட்கார வைத்துப் பெருமை பேச வரவேற்பறையில் இதைவிட அதிகம் கொட்டி ஸோபா வாங்குகிறவர்கள், உழைக்கிற முதுகுக்குச் செலவிடுவதை மட்டும் ஊதாரித்தனம் என்றால் நான் ஒப்ப மாட்டேன்.

ஆனால் பணத்தைக் கொட்டிவிட்டாலே முதுகு குணமாகிவிடும் என்கிறவர்களையும் நான் ஒப்ப மாட்டேன். முதலில் கால் தரையில் படிய வேண்டும். பல நாற்காலிகள் எவ்வளவு தாழ்த்தினாலும் சுமார் 16 அங்குலத்துக்குக் கீழே இறங்குவதில்லை. நம் பெண்களில் பலருக்குக் கால் தொங்கும். தொங்குகிற கால் தொடையை அழுத்தும். தொடை அழுந்தினால் ஆள் முன்னால் நகருவாள். முன்னால் நகர்ந்தால் லட்ச ரூபாய் முதுகுத் தாங்கிக்கும் அவள் முதுகுக்கும் உறவே அறுந்துபோகும். அதைவிட, அளவு பொருந்திய பத்தாயிரம் ரூபாய் நாற்காலியும் காலடியில் ஒரு மணைப்பலகையும் மேல்.

இரண்டாவது, ஆசனத்தின் ஆழம். முதுகு சாய்ந்திருக்கும்போது முழங்காலின் பின்புறத்துக்கும் ஆசன விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். மூன்றாவது, தாங்கி இடுப்பின் உள்வளைவில் வந்து பொருந்த வேண்டும். தோளில் முட்டினால் பிரயோசனம் இல்லை. நான்காவது, கைப்பிடி. முழங்கையை அதன்மேல் வைத்தால் தோள் தூக்கிக்கொள்ளக் கூடாது. கைப்பிடி மேஜையில் இடித்து ஆளை மேஜையிலிருந்து தள்ளி நிறுத்தவும் கூடாது. ஐந்தாவது, சாய்வு. பள்ளிக்கூடத்து வாத்தியார், ‘நிமிர்ந்து உட்காரடா!’ என்று பிரம்பால் தட்டியது இன்னும் நம் முதுகில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், உட்கார்ந்திருப்பவர்களின் முதுகெலும்பை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, செங்குத்தாக 90 பாகையில் உட்காருவதைவிட 135 பாகை சாய்ந்து உட்காரும்போது முதுகுத் தட்டுகளுக்குச் சிரமம் குறைவு என்று சொன்னார்கள். திண்ணையோரத்துச் சாய்வு நாற்காலித் தாத்தாவைச் சோம்பேறி என்று பழித்தவர்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம்.

இந்த ஐந்தையும் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அரை மணி நேரமாவது உட்கார விடாத கடையில் வாங்காதீர்கள். இத்தனைக்கும் மேலே ஒன்று உண்டு: எந்த நாற்காலியும் அசையாமல் உட்கார்ந்திருப்பதற்கு மருந்தல்ல. அவ்வப்போது எழுந்து நடக்க அனுமதி கொடுக்காத ஆபீஸ், எவ்வளவு உயர்ந்த நாற்காலி வாங்கிக் கொடுத்தாலும் அது விலங்குக்குப் பட்டு உறை தைத்த கதைதான்.

“நம் முன்னோர் பாயில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு முதுகு வலித்ததா?” என்று ஒருவர் கேட்கிறார். ஐயா, பாயில் உட்கார்ந்தவர் காலை மடக்கினார், நீட்டினார், சுவரில் சாய்ந்தார், எழுந்து போய் வெற்றிலைப் பெட்டியை எடுத்து வந்தார். ஒளிர்கிற ஒரு கண்ணாடியை எட்டு மணி நேரம் வெறித்துக்கொண்டு விரலை மட்டும் ஆட்டவில்லை. முதுகு வலித்ததா என்கிறீர்களே, வலித்ததென்று சொன்னால் அன்றைக்குக் கேட்க யார் இருந்தார்கள்? தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வந்தார்கள். முன்னோரின் மௌனத்தை ஆரோக்கியம் என்று எண்ணுவது பெரிய அநியாயம்.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். 2020-ல் கொள்ளைநோய் வந்தபோது ஆபீஸ் வீட்டுக்குள் நுழைந்தது. கம்பெனிகள் கம்ப்யூட்டரைக் கொடுத்தனுப்பின. நாற்காலியைப் பற்றிப் பல கம்பெனிகளுக்கு ஞாபகமே வரவில்லை. இன்றும் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் ஏராளம். கணவனும் மனைவியும் இருவருமே சம்பாதிக்கிற வீட்டில், பணம் சேர்த்து ஒரு நல்ல நாற்காலி வாங்குகிறார்கள். அது யாருக்கு? ஜன்னலோரம் மேஜை போட்டு, அது அவருக்கு. அவள் சாப்பாட்டு மேஜையின் மரநாற்காலியில், அல்லது கட்டிலில் தலையணையை முட்டுக் கொடுத்துக்கொண்டு. அவளுக்கும் அதே எட்டு மணி நேரம்தான். நடுவில் குக்கர் சத்தம் வேறு. “அவள் கேட்கவே இல்லையே!” என்கிறார் கணவர். கேட்க மாட்டாள். கேட்காமல் இருக்கத்தானே வளர்த்திருக்கிறோம். வீட்டிலேயே உடம்பைப் பார்க்காமல் பதவியைப் பார்த்து நாற்காலி போடுகிற நமக்கு, ஆபீஸில் அப்படிப் போட்டிருக்கிறார்களே என்று குறை சொல்ல என்ன யோக்கியதை?

கடைசியாக, நாற்காலியே இல்லாதவர்கள். தீபாவளிக்கு ஜவுளிக்கடைக்குப் போகிறோம். நமக்கு நாற்காலி போடுகிறார்கள். நாம் உட்கார்ந்து புடவை பார்க்கிறோம். நூறு புடவையை விரித்துக் காட்டி மறுபடி மடிக்கிற பெண் நிற்கிறாள். காலையில் வந்ததிலிருந்து நிற்கிறாள். பிரிட்டனில் கடைப் பெண்கள் மூவருக்கு ஓர் ஆசனமாவது இருக்க வேண்டும் என்று 1899-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தார்கள். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நின்று வேலை செய்கிற தொழிலாளிக்கு வாய்க்கும் நேரத்தில் உட்கார வசதி வேண்டும் என்றது. கடையில் நிற்கிறவர்களுக்கு அந்த நியாயம் எட்டவில்லை. கேரளத்தில் கோழிக்கோடு முதலிய ஊர்களின் ஜவுளிக்கடைப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, 2018-ல் உட்காரும் உரிமையைச் சட்டமாகப் பெற்றார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று எழுதினார்கள். தொழிற்சாலைக்கும் கடைக்கும் நடுவே 73 ஆண்டுகள்! ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஒரு தெருவைக் கடக்க நமக்கு இத்தனை காலம் பிடித்தது.

சட்டம் வந்துவிட்டது, முக்காலி எல்லாக் கடைக்கும் வந்துவிட்டதா? கடை முதலாளி ஒருவரிடம் இதைக் கேட்டேன். “வாடிக்கையாளர் உள்ளே வரும்போது பெண்கள் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களே, ஸார்!” என்றார். அவர் பழியை நம் தலையில் போடுகிறார் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் யோசித்தால் பழி நமக்கு உரியதுதான். நமக்காக ஒருத்தி நிற்க வேண்டும் என்று நாம் வாய் திறந்து கேட்டதில்லை. நிற்கிறாளே என்று பதறியதும் இல்லை. நம் மௌனத்தைத்தான் அவர் மரியாதை என்று மொழிபெயர்த்துக்கொண்டார்.

ஆகவே நல்ல நாற்காலி வாங்க நினைக்கிற வாசகர்களே, தாராளமாக வாங்குங்கள். உங்கள் வீட்டில், உங்கள் ஆபீஸில், மிக அதிக நேரம் உட்காருகிறவர் யாரோ அவருக்கு முதலில் வாங்குங்கள். அவரையே கூட்டிப் போய், அவர் கால் தரையில் படிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடுத்த முறை ஜவுளிக்கடையில் உங்களுக்கு நாற்காலி போட்டவுடன், பணத்தை எடுப்பதற்கு முன்னால், “இந்தப் பெண் உட்கார இடம் எங்கே?” என்று சத்தமாக ஒரு கேள்வி கேளுங்கள். சட்டம் கேட்டால் முதலாளி நாளை பார்க்கலாம் என்பார். வாடிக்கையாளர் கேட்டால் இன்றைக்கே முக்காலி வந்துவிடும்.