அறிவுத் துறையில் எறியப்படும் சாப்பா

கொச்சி பிராட்வே கடைவீதியைக் கடந்து எர்ணாகுளம் படகுத்துறையில் படகேறினால் சிறிது நேரத்தில் மட்டாஞ்சேரியை அடையலாம். அந்தத் துறைமுகத்தில் ஒரு காலத்தில் வேலைக்காகக் காத்து நின்ற தொழிலாளர் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகளை வீசி எறிந்தனர் கங்காணிகள். முண்டியடித்து, மிதிபட்டு வில்லையைக் கைப்பற்றியவருக்கு அன்றைய வேலை, மற்றவருக்குப் பட்டினி. அந்த வில்லைக்குச் 'சாப்பா' என்று பெயர். இந்த இழிவை எதிர்த்து 1953இல் தொழிலாளர்கள் போராடினர். செப்டம்பர் 15 அன்று போலீஸ் துப்பாக்கி முழங்கியது. சைது, சைதலவி, ஆன்றணி ஆகிய தோழர்களைப் பறிகொடுத்தோம்.

துறைமுகத்தில் ஒழிந்த சாப்பா இன்று பல்கலைக்கழக வாயில்களில் எறியப்படுகிறது. அதற்கு இப்போது 'ஆய்வு மதிப்பெண்' என்றும் 'மேற்கோள் எண்ணிக்கை' என்றும் பெயர்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளைப் பாருங்கள். மானுடவியல் துறைகளில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 10 மதிப்பெண். தேசியப் பதிப்பகம் வெளியிடும் ஒரு முழு நூலுக்கும் அதே 10 மதிப்பெண். அந்நூலையே அயல்நாட்டுப் பதிப்பகம் வெளியிட்டால் 12! ஆவணக் காப்பகங்களில் பத்தாண்டுகள் கண் வலிக்கப் படித்து எழுதப்படும் வரலாற்று நூலும், சில மாதங்களில் முடியும் கட்டுரையும் ஒரே எடை. இது எந்த ஊர்த் தராசு?

மேற்கோள் எண்ணிக்கையின் கதை இதனினும் மோசம். அரசின் தேசியத் தரவரிசை ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்னும் தரவுத்தளங்களை நம்பியே ஆய்வை அளக்கிறது. முன்னது எல்சேவியர் என்னும் பதிப்பக ஏகபோகத்தின் உடைமை. பின்னது கிளாரிவேட் நிறுவனத்தின் உடைமை. சரக்கை விற்பவனே எடைக்கல்லையும் வைத்திருக்கிறான். பொதுப்பணத்தில் ஆய்வு நடக்கிறது. ஆய்வாளர் ஊதியமின்றிக் கட்டுரைகளை மதிப்பிட்டுத் தருகிறார். அதையே படிக்க 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயை ஒன்றிய அரசு ஒதுக்குகிறது.

இந்தக் கணக்கேட்டில் நம் மொழிகளுக்கு ஏறத்தாழ இடமே இல்லை. கதைப்பாடல்களைத் திரட்டி உழைக்கும் மக்களின் வரலாற்றுக்கு வாசல் திறந்த பேராசிரியர் நா. வானமாமலையின் தமிழ் உழைப்புக்கு அங்கே என்ன மதிப்பு? கேரள வரலாற்றைப் பற்றி 1948இல் இ.எம்.எஸ். மலையாளத்தில் எழுதிய நூல் ஒரு தலைமுறையின் சிந்தனையை மாற்றியது. அதை எந்தக் குறியீட்டெண் அளக்கும்?

சரி, எண்ணிக்கை உள்ளவர்களையாவது மதித்தார்களா? ரொமிலா தாப்பரின் அசோகர் பற்றிய நூல் 1961இல் வெளிவந்தது. பண்டைய இந்தியாவைப் பயிலும் எவரும் இன்றும் அதைக் கடந்து செல்ல முடியாது. 2008இல் க்ளூகே பரிசு பெற்றவர்; பத்ம பூஷணை இருமுறை மறுத்தவர். 2019இல், தகைசால் பேராசிரியராகத் தொடர வேண்டுமா என்று பரிசீலிக்கத் தன்விவரக் குறிப்பை அனுப்புமாறு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக நிர்வாகம் அவரிடம் கேட்டது! வாழ்நாள் மதிப்பாக வழங்கப்பட்ட ஒன்றுக்கு 87 வயதில் தேர்வு. வாஜ்பாய் ஆட்சியில், 2000இல், கே.என். பணிக்கரும் சுமித் சர்க்காரும் பதிப்பித்த 'சுதந்திரத்தை நோக்கி' தொகுதிகளை அச்சகத்திலிருந்தே திரும்பப் பெற்றது இந்திய வரலாற்று ஆய்வுக் கழகம். அப்போதும் மேற்கோள்களை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகவே, எண் என்பது புலமைக்குக் கேடயமன்று. இளம் ஆய்வாளரை அடக்க அது சாட்டை. மூத்தவர் உண்மை பேசினால் அந்த எண்ணும் செல்லாக்காசு.

அளவுகோலே இல்லையெனில் சாதியும் சிபாரிசும் புகுந்துவிடாதா என்று நேர்மையான தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான அச்சம். ஆனால் மதிப்பெண் முறை வந்தபின் சாதியும் சிபாரிசும் ஒழிந்தனவா? மாறாக, காசு வாங்கிக்கொண்டு கட்டுரை வெளியிடும் போலி ஆய்விதழ்கள் பெருகின. அவற்றைத் தடுக்கவென்று கொண்டுவந்த 'கேர்' பட்டியலையும் 2025இல் மானியக் குழுவே கைவிட்டது. எண்ணுவது எளிது, படிப்பது கடினம். அந்தக் கடமையிலிருந்து நழுவவே எண்.

நமது கோரிக்கை தெளிவானது. வரலாற்றாசிரியரின் நூலைத் துறை அறிஞர்கள் படித்து, காரணங்களை எழுத்தில் வெளியிட்டு மதிப்பிட வேண்டும். இட ஒதுக்கீட்டைச் சிறிதும் வழுவாமல் நடைமுறைப்படுத்த வேண்டும். தாய்மொழி நூலுக்கு ஆங்கில நூலுக்கு நிகரான மதிப்பு வேண்டும். தனியார் தரவுத்தளத்தின் எண்ணைக் கொண்டு எவருடைய வேலையையும் பதவி உயர்வையும் தீர்மானிக்கக் கூடாது.

மட்டாஞ்சேரியின் வரலாற்றைக் காத்தது எந்தத் தரவுத்தளமும் அல்ல. தொழிலாளரின் முழக்கமும் பாட்டும் நாடகமும் காத்தன. 2023இல் 'துறமுகம்' திரைப்படமாகவும் அது வந்தது. எறியப்பட்ட வில்லைக்காக ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டிருந்தவரை அத்தொழிலாளர்கள் தனித்தனி ஆட்களாகவே இருந்தனர். குனிந்து பொறுக்க மறுத்த நாளில் அவர்கள் சங்கமானார்கள். ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.