சுடாத ஆட்டம்

பிள்ளை ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ விளையாடினால், “எந்நேரமும் சுட்டுக்கிட்டே இருக்கான்” என்று வீட்டில் புலம்புவோம். அதே விளையாட்டில் யாரையும் சுடாத ஓர் ஆட்டம் உண்டு. பெயர் ‘சர்ஃப்’.

இதை உருவாக்கியது நிறுவனம் அல்ல, ஒரு ரசிகர். 2004-இல் சார்லி ஜோயல் என்பவர் இதற்கான முதல் மேப்பைச் செய்தார். கால் ஊன்றி நிற்க முடியாத சரிவுகளில் வழுக்கி, வேகம் குறையாமல் அடுத்த சரிவுக்குத் தாவ வேண்டும். விழுந்தால் மறுபடி முதலிலிருந்து.

புக்கிட் ரம்பாயில், படிவம் 4 படிக்கும் என் அக்கா மகன்தான் எனக்கு வாத்தியார். “மாமா, டபிள்யூவைத் தொடாதீங்க!” முன்னே போகும் பட்டனைத் தொட்டால் சறுக்கல் கெட்டுவிடும். சரிவு வலப்பக்கம் இருந்தால் டி, இடப்பக்கம் இருந்தால் ஏ. அந்தரத்தில் பறக்கும்போது, அழுத்தும் பட்டனின் பக்கமே மவுஸையும் மெல்லத் திருப்ப வேண்டும். வெடுக்கென்று திருப்பினால் வேகம் போய்விடும்.

மூன்றாவது சரிவைத் தொட எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. “சாப்பிட்டியா?” என்றால் “ம்” என்று மட்டும் சொல்கிறவன், அந்த ஒரு மணி நேரமும் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தான்.

விளையாட்டுக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டும்தான். ஆனால் கணினியை அடைக்கச் சொல்வதற்கு முன், பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, “எனக்கும் சொல்லிக்கொடு” என்று கேட்டுப் பாருங்களேன்.