நாளைய விலையைக் கணிதம் சொல்லிவிடுமா?

ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டில் ஒரு புதிய சந்தையைத் திறந்தது. அங்கே விற்பனையாவது, ஒரு டன் கரியமில வாயுவை வெளியேற்றுவதற்கான அனுமதி. மொத்தம் எத்தனை அனுமதிகள் என்பதை அதிகாரிகள் வரையறுப்பார்கள். புகையைக் குறைத்த ஆலை, மிஞ்சிய அனுமதிகளை விற்கலாம். குறைக்காத ஆலை அவற்றை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம்.

அந்த அனுமதியின் விலை நாளை என்னவாக இருக்கும்? இதைக் கணிக்கவே வல்லுநர்கள் கணித மாதிரிகளை உருவாக்குகிறார்கள். அடிப்படை எளிது. அபராதம் 40 யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் அனுமதிகளுக்குத் தட்டுப்பாடு வந்தால் ஓர் அனுமதி 40 யூரோ பெறும். வராவிட்டால் அது வெறும் தாள். தட்டுப்பாடு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால், இன்றைய விலை ஏறத்தாழ 20 யூரோ. பள்ளியில் நீங்கள் படிக்கும் நிகழ்தகவுதான் இது.

ஆனால், அந்த வாய்ப்பு நாள்தோறும் மாறும். இயற்கை எரிவாயுவின் விலை ஏறினால் மின்நிலையங்கள் நிலக்கரிக்குத் தாவும். அதே மின்சாரத்துக்கு நிலக்கரி ஏறத்தாழ இரு மடங்கு கரியமில வாயுவை வெளியேற்றுவதால் அனுமதிகளுக்குக் கிராக்கி கூடும். பொருளியல் மந்தமடைந்தால் கிராக்கி குறையும்.

2006 ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். 30 யூரோ அளவில் விற்ற அனுமதி, சில நாள்களில் ஏறத்தாழ பாதி விலைக்குச் சரிந்தது. ஆலைகள் உண்மையில் வெளியேற்றிய அளவு, வழங்கப்பட்ட அனுமதிகளைவிடக் குறைவு எனத் தெரியவந்ததே காரணம். அந்த அனுமதிகளை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. அதனால் 2007 இறுதியில் அவை சில காசுக்குத்தான் விலைபோயின. தவறியது கூட்டல் கழித்தல் அன்று. தொடக்கத்தில் நம்பிய எண்கள்.

இது வணிகர்களின் கவலை மட்டுமன்று. ஆலையில் பொருத்தும் கொதிகலன் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். விலை 30 யூரோவில் நிலைக்கும் என நம்பும் முதலாளி தூய்மையான இயந்திரம் வாங்குவார். அது எப்போது சரியுமோ என்று அஞ்சுபவர் பழையதையே ஓட்டுவார். அந்தப் புகை நம் எல்லோருக்கும் சொந்தம்.

ஆகவே, கணிப்பை மட்டும் நம்பிச் சந்தையை அதன் போக்கில் விடக்கூடாது என்பது என் கருத்து. இதற்குக் கீழே விலை இறங்காது என்ற ஒரு தளம் வேண்டும். அரசு தலையிட்டால் சந்தை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். மொத்த அளவை வரையறுப்பதே அரசுதானே! ஐரோப்பாவும் 2019 முதல் உபரி அனுமதிகளைச் சந்தையிலிருந்து ஒதுக்கி வைக்கிறது. 2023 பிப்ரவரியில் விலை முதன்முறையாக 100 யூரோவைத் தாண்டியது.

சிங்கப்பூர் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. இங்கு 2019ல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய கரிம வரி, 2024ல் 25 வெள்ளியானது. 2026க்கு 45 வெள்ளி என்பதும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. ஆலைகள் திட்டமிட இது வசதி. ஆனால், வெளியேறும் வாயு எவ்வளவு குறையும் என்பதற்கு வரி உறுதி தராது. அதைக் கணிக்கவும் ஒரு மாதிரி வேண்டும்.

நாளை யாராவது ஒரு விலை வரைபடத்தைக் காட்டினால், கோடு எங்கே போகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்த எண்களை நம்பி அதை வரைந்தீர்கள் என்று கேளுங்கள்.