பூட்டிய கதவுக்குப் பின்னால்

பெற்றோரைப் பேணும் மகளைத் தெய்வமென்று மேடையேறிப் புகழ்வோரிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். அந்தத் தெய்வம் இறுதியாக எந்த இரவில் முழுமையாக உறங்கியது என்பதை நீங்கள் அறிவீர்களா?

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பொருள் வாங்கக் குடும்பத் தலைவர் ஒருவர் மட்டுமே வெளியே செல்லலாம் என்றனர். ஏப்ரல் முதல் நாள் தொட்டு 10 கிலோமீட்டர் எல்லையும் வகுத்தனர். கொடுநோயைத் தடுக்கக் கட்டுப்பாடு வேண்டியதே. அதனை நான் பழிக்கவில்லை. ஆயினும், அவ்விதியை வகுத்தவர்களின் மனக்கண்ணில் இருந்த வீடு எது? ஒருவர் வெளியே சென்றால் இன்னொருவர் உள்ளே இருந்து பார்த்துக்கொள்ளும் வீடு. நோயாளி ஒருவரும் அவரைப் பேணுபவர் ஒருவருமாக இருவரே வாழும் வீடு அந்தக் கணக்கில் இடம்பெறவேயில்லை.

எங்கள் வரிசையில் மூன்றாவது வீடு அத்தகையது. மறதி நோயுற்ற தாயும், மணமாகாத மகளும் அங்கே வாழ்ந்தனர். மாலை தோறும் கோயிலுக்குப் புறப்படுவது அத்தாயின் வழக்கம். கோயில் மூடப்பட்டது, கதவும் பூட்டப்பட்டது. தன்னைச் சிறை வைத்திருப்பவள் மகளே என்று அந்தத் தாய் நம்பினார். முகக்கவசம் அணிந்து மகள் அருகே வந்தால், யாரோ அயலாள் புகுந்துவிட்டதாக அஞ்சி அலறினார். அரிசியும் பெம்பர்ஸும் வாங்க வேண்டுமெனில், தாயை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஓட வேண்டும். கடை வாசலில் வரிசையோ நீண்டிருக்கும். முதியோர் நடவடிக்கை மையங்கள் மூடிக் கிடந்தன. அவசரமற்ற மருத்துவச் சந்திப்புகள் ஒத்திவைக்கப்பட்டன. உடன்பிறந்த அண்ணன்மார் இருவர் தொலைபேசித் திரையில் முகங்காட்டி, "அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்" என்று அறிவுரை வழங்கினர்.

அக்கம்பக்கத்தார் என்ன செய்தோம்? அரிசிப் பொட்டலத்தை வாயிற்கதவில் மாட்டிவிட்டுப் படமெடுத்துக்கொண்டோம். அந்த அலறலைக் கேட்டும் கேளாதவராகச் சன்னலைச் சாத்தினோம். நானும் சாத்தினேன். ஆகவே, இக்கட்டுரையில் நான் சுமத்தும் குற்றம் என்னையும் சேர்த்தே சுமத்தப்படுகிறது.

அன்பர்களே, அவளுடைய தனிமையைப் பெருந்தொற்றுத்தான் உண்டாக்கியது என்று எண்ணாதீர்கள். அது முன்பே இருந்தது. பெருந்தொற்று வெளியிலிருந்து ஒரு பூட்டை மட்டுமே மாட்டியது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நாட்டின் எல்லைகள் திறந்தன. நாம் விருந்துக்கும் திருமணத்துக்கும் விரைந்தோம். அவள் கதவு மட்டும் திறக்கவில்லை.

இதைச் சொன்னால் உடனே பண்பாட்டைக் கேடயமாக ஏந்துவோர் உளர். "தாயை முதியோர் இல்லத்தில் தள்ளச் சொல்கிறீரா?" என்பர். இல்லை ஐயா! தாயைத் தள்ளச் சொல்லவில்லை. தோள் கொடுக்க வாருங்கள் என்கிறேன். பத்துப் பேர் சுமக்க வேண்டிய கடமையை ஒருத்தியின் தலையில் ஏற்றிவிட்டு, அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுவது பண்பாடாகாது. அது பண்பாட்டின் பெயரால் செய்யப்படும் சுரண்டல்.

நம் முன்னோர் வாழ்ந்த ரப்பர்த் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். அங்கே ஆயாக்கொட்டகை என்றொன்று இருந்தது. தாய்மார் விடியற்காலையில் பால்மரம் வெட்டச் செல்கையில் குழந்தைகளை அங்கே விட்டுச் செல்வர். தோட்ட முதலாளிக்கு நம்மீது பாசமா? அன்று. அவனுக்கு வேண்டியது பால். தன் இலாபத்துக்காக அவன் உணர்ந்துகொண்ட எளிய உண்மையை, நம் பெற்றோருக்காக நாம் உணர மறுக்கிறோம். பேணுகின்ற கை சற்று ஓய வேண்டுமெனில், மாற்றுக் கை ஒன்று வேண்டும். அதற்கோர் இடமும் வேண்டும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் கூறமாட்டேன். படுக்கையில் கிடப்போரைப் பேணுவோருக்கான மாத உதவித்தொகை 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டம் 2022ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நடப்புக்கு வந்தது. வீட்டு வேலையில் விழுந்து அடிபட்டால் இழப்பீடு உண்டு. நன்று. ஆனால், விழாமல் நின்று தேய்ந்துகொண்டிருப்பவளுக்கு அரைநாள் ஓய்வைப் பணம் மட்டும் தந்துவிடாது. அதற்கு மனிதர் வேண்டும்.

நம்மிடம் மனிதர் இல்லையா? ஊர்தோறும் ஆலய மண்டபங்கள் வாரநாள்களில் வெறுமையாகக் கிடக்கின்றன. மகளிர் பிரிவு, இளைஞர் பிரிவு என்று இயக்கங்களுக்கும் பஞ்சமில்லை. ஒவ்வோர் ஊரிலும் இத்தகைய வீடுகள் எவையென்று ஒரு பட்டியல் எடுங்கள். வாரத்தில் ஒரு பிற்பகல் மண்டபத்தைத் திறந்து முதியோரை அமர்த்துங்கள். வர இயலாதோரின் வீட்டுக்கு இருவர் சென்று உடனிருங்கள். உடன்பிறந்தோரே, திரையில் முகங்காட்டியது போதும். மாதத்தில் ஈரிரவாவது வந்து தாயின் பக்கத்தில் படுத்துறங்குங்கள்.

2030ஆம் ஆண்டில் இந்நாட்டு மக்களுள் 15 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவராயிருப்பர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அந்தக் கூட்டத்தில் நாமும் நிற்போம். அன்று நம் அலறல் கேட்டு யாரேனும் வரவேண்டுமெனில், இன்று நாம் சாத்திய சன்னலைத் திறந்தாக வேண்டும்.

அவளுக்கு வேண்டியது மாலையன்று, மாற்றாள்.