ஏழையின் பாக்கெட்டுக்கு மட்டும் வாய்ப்பூட்டா?

கடமலைக்குண்டிலிருந்து மயிலாடும்பாறை வழியாக வருசநாடு வரை போய்ப் பாருங்கள். பெட்டிக்கடை இல்லாத ஊர் இல்லை. ஷாம்பு பாக்கெட்டுச் சரம் தொங்காத பெட்டிக்கடையும் இல்லை. விலை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். இலவம் பஞ்சு பிரிக்கும் பெண்ணும், தென்னந்தோப்புக் கூலியும், களையெடுக்கப் போகும் கிழவியும் அந்தச் சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்துக்கொண்டு போய்த்தான் தலை முழுகுகிறார்கள்.

அந்தப் பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது? கம்பெனிக்குத் தெரியும். சர்க்கார் நினைத்தால் தெரிந்துகொள்ள முடியும். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு? அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது!

மிகைப்படுத்தவில்லை. 2020 டிசம்பரில் மத்திய சர்க்கார் அழகுசாதனப் பொருள் விதிகளை வெளியிட்டது. கலந்திருக்கும் சரக்குகளின் பட்டியலை லேபிளில் அச்சிட வேண்டும் என்று அதன் 34-வது விதி கூறுகிறது. நல்லது. ஆனால் அதே மூச்சில் ஒரு விலக்கும் கூறுகிறது: 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும், 30 கிராமுக்குக் குறைந்த கெட்டிப் பொருளுக்கும் இந்தப் பட்டியல் தேவையில்லை. நம் ஊர்ப் பாக்கெட்டில் இருப்பது 5 மில்லி, 6 மில்லி. 200 மில்லி பாட்டில் வாங்க வசதியுள்ளவருக்குத் தகவல் உண்டு. அன்றாடக் கூலிக்காரருக்கு இல்லை. விதியை எழுதிய கனவான்கள் வர்க்க பேதம் பார்க்காதவர்களாம்!

"பாக்கெட் சிறியது, அச்சிட இடமில்லை" என்று கம்பெனிக்காரர்கள் சமாதானம் சொல்லக்கூடும். சினிமா நட்சத்திரத்தின் முகத்துக்கு அதே பாக்கெட்டில் இடம் இருக்கிறது. நீண்ட கூந்தலுக்கு இடம் இருக்கிறது. பாதாம் பருப்புக்கும் செம்பருத்திப் பூவுக்கும் இடம் இருக்கிறது. சரக்கின் பெயருக்கு மட்டும் இடம் போதவில்லையா? சில கம்பெனிகள் தாமாகவே பொடி எழுத்தில் அச்சிடுவதும் உண்டு, மறைப்பானேன். ஆனால் அது அவர்கள் காட்டும் தயவு. நாம் கேட்பது உரிமை.

"ஷாம்பும் பவுடரும் ஷோக்குச் சாமான், உழைப்பாளிக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு?" என்று நம்மவர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது, தோழர்களே. ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் வித்தையே நமது தமிழ்நாட்டில், கடலூரில் வளர்ந்ததுதான். வெல்வெட் வந்தது, 1983-இல் சிக் வந்தது. பிறகு பன்னாட்டுக் கம்பெனிகளும் அதே வழியில் கிராமத்துக்குள் நுழைந்தன. இன்று பிறந்த குழந்தைக்குப் பவுடர், பள்ளிப் பிள்ளைக்கு ஷாம்பு, கல்யாணப் பெண்ணுக்குக் கிரீம். கூலியில் ஒரு பகுதி வாரந்தோறும் அங்கேதான் போகிறது. கூலியைப் பற்றிப் பேசுகிறவன் அந்தக் கூலி எங்கே போகிறது என்பதையும் பேசித்தான் ஆக வேண்டும்.

சரி, பட்டியலில் அப்படி என்ன தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது? முக்கியமாக, கெடாமல் காக்கும் மருந்தின் பெயர்.

நமது பாட்டிகள் சீயக்காயை வெயிலில் காய வைத்து, இடித்து, டப்பாவில் போட்டு வைத்தார்கள். ஈரம் படாதவரை அது கெடவில்லை. கிருமி வளரத் தண்ணீர் வேண்டும்; காய்ந்த பொடியில் அது கிடையாது. தேங்காய் எண்ணெயிலும் கிடையாது. சோப்புக் கட்டியில் ஈரம் குறைவு, காரம் அதிகம். அங்கேயும் கிருமிக்குப் பிழைப்பில்லை. அதே சீயக்காய்த் தூளைத் தண்ணீரில் கரைத்து இரண்டு நாள் வைத்துப் பாருங்கள், நாற்றம் எடுத்துவிடும். ஷாம்புவில் பெரும்பகுதி தண்ணீர்தான். கிரீமிலும் தண்ணீர் உண்டு. கம்பெனி நமக்கு விற்பது தண்ணீர். அந்தத் தண்ணீர் அழுகாமல் இரண்டு வருஷம் கடையில் தொங்க வேண்டும் என்பதற்காகத்தான் மருந்து போடுகிறது.

மருந்தே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் வேறொரு வியாபாரிக்குத் தரகு வேலை பார்க்கிறவர்கள். அவர்களிடம் பிறகு வருகிறோம். மருந்து இல்லாவிட்டால் நேருவது விளையாட்டல்ல. 1946-இல் நியூசிலாந்தில் வில்வாத ஜன்னிக் கிருமி கலந்த டால்க் பவுடரால் பச்சிளங்குழந்தைகள் செத்தன. ஆறாத தொப்புளில் பவுடர் தூவுகிற வழக்கம் நம் ஊரிலும் உண்டு. இதைப் படிக்கிற தாய்மார்கள் அதை இன்றோடு நிறுத்திவிடலாம். தண்ணீர் இல்லாத பவுடரில் கிருமி பெருகாது. ஆனால் விதைபோலத் தூங்கிக் கிடக்கும். 1970-களில் அமெரிக்காவில் கண்ணிமை மையில் சூடோமோனாஸ் என்ற கிருமி வளர்ந்து, கருவிழி புண்ணாகிப் பார்வை கெட்டவர்கள் உண்டு. ஒரே கண்மைக் குச்சியை வீட்டிலுள்ள நாலு பெண்களும் தொட்டு இட்டுக்கொள்வது இதனால்தான் ஆபத்து. பாட்டிலில் மிஞ்சியிருக்கும் ஷாம்புவில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி இன்னும் நாலு நாள் ஓட்டுகிறோமே, அப்போது மருந்தும் நீர்த்துப் போகிறது, கிருமி தலைதூக்குகிறது. இதற்காக ஏழை வீட்டுப் பெண்ணைக் குறை சொல்ல நாம் தயாராக இல்லை. குறை விலையில் இருக்கிறது, கூலியில் இருக்கிறது.

ஆகவே மருந்து வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு, யார் பரிசோதித்தது என்பதுதான் கேள்வி.

பாராபென் என்று ஒரு குடும்பம் இருக்கிறது. அதில் ஐந்து வகைகளை 2014-இல் ஐரோப்பிய யூனியன் தடை செய்தது. மீதைல் ஐசோதையசோலினோன் என்று ஒன்று உண்டு. அது பலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்குகிறது என்று தெரிந்ததும், தடவிக் கழுவாமல் விடுகிற கிரீம்களில் அதைச் சேர்க்கக் கூடாது என்று 2017 முதல் ஐரோப்பாவில் தடை வந்தது. இன்னொரு வகை, கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மால்டிஹைடைக் கசியவிட்டுக் கிருமியைக் கொல்வது. குவாட்டர்னியம்-15, டி.எம்.டி.எம். ஹைடான்டோயின் முதலியவை இந்த ஜாதி. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் முடிவு கூறியது. தோலில் படும் சிறு அளவுக்கும் மூச்சில் போகும் பெரிய அளவுக்கும் வித்தியாசம் உண்டு. ஷாம்பு போட்டவர்களுக்கெல்லாம் புற்றுநோய் வரும் என்று பீதி கிளப்புவது நமது வேலையல்ல. ஆனால் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கசிந்தாலே லேபிளில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று ஐரோப்பா இன்று சட்டம் வைத்திருக்கிறது. அங்கே எச்சரிக்கை, இங்கே பாக்கெட்டில் பெயரே இல்லை! ஐரோப்பியனின் தோல் தோல், வருசநாட்டான் தோல் மாட்டுத் தோலா?

ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனால் நாட்டுக்கு நாடு வேறு சரக்கு. இது நமது கற்பனையல்ல. ஜான்சன் அண்டு ஜான்சன் குழந்தை ஷாம்புவில் குவாட்டர்னியம்-15 அமெரிக்காவிலும் சீனாவிலும் இந்தோனேஷியாவிலும் இருக்கிறது, பிரிட்டனிலும் டென்மார்க்கிலும் ஜப்பானிலும் இல்லை என்று 2011-இல் அமெரிக்க நுகர்வோர் இயக்கம் ஒன்று அம்பலப்படுத்தியது. அளவு பத்திரமானது, சட்டத்துக்கு உட்பட்டது என்றது கம்பெனி. பிறகு, எதிர்ப்பு வலுத்ததும், குழந்தைப் பொருட்களிலிருந்து அதை நீக்கிவிடுவதாக 2012-இல் வாக்குக் கொடுத்தது. நீக்க முடியும் என்றால் முதலிலேயே நீக்கியிருக்கலாமே! பிரிட்டிஷ் குழந்தைக்கு நீக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தோனேஷியக் குழந்தைக்கு நீக்கத் தெரியவில்லையா?

நமது நாட்டுக்கு வருவோம். அதே கம்பெனியின் பம்பாய் முலுண்ட் தொழிற்சாலையில் 2007-இல் 15 தொகுதி குழந்தைப் பவுடரைக் கிருமி நீக்க எதிலீன் ஆக்சைடு வாயுவால் பக்குவப்படுத்தினார்கள். இந்த வாயுவும் புற்றுநோய்ப் பட்டியலில் 1994-லேயே ஏறியது. கிருமியை நீக்கும் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கே அந்த வாயு உபயோகமாகிறது. ஆனால் வாயுவின் மிச்சம் பவுடரில் தங்கியிருக்கிறதா என்று சோதிக்கவில்லை என்பது மகாராஷ்டிர மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவின் குற்றச்சாட்டு. உரிமத்தை ரத்து செய்யும் உத்தரவு எப்போது வந்தது தெரியுமா? 2013-இல்! அந்தப் பவுடர் பூசிய குழந்தைகள் அதற்குள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள்.

2018-இல் எடுத்த பவுடர் மாதிரியை வைத்து அதே இலாகா 2022-இல் மறுபடியும் உரிமத்தை ரத்து செய்தது. இவ்வளவு தாமதமா என்று கண்டித்து 2023 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளுபடி செய்தது. ஆமை வேகத்தில் நடக்கும் இலாகாவால் கம்பெனிக்குத்தான் லாபம்.

2019-இல் ராஜஸ்தான் கூத்து இதைவிட விசேஷம். குழந்தை ஷாம்புவில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது என்றது மாநில சர்க்காரின் பரிசோதனை. நாங்கள் சேர்ப்பதே இல்லை என்றது கம்பெனி. பிறகு கல்கத்தாவிலுள்ள மத்திய பரிசோதனைச் சாலை, இல்லை என்று முடிவு சொன்னது. சர்க்காரின் ஒரு சோதனைச்சாலை உண்டென்கிறது, இன்னொன்று இல்லையென்கிறது. இரண்டில் எது தவறு, ஏன் தவறு என்று ஜனங்களுக்கு விளக்கம் சொன்னவர் யார்? தலைநகரில் விற்கும் சரக்குக்கே இந்தக் கதி என்றால், வாலிப்பாறைப் பெட்டிக்கடைச் சரத்தை எந்த அதிகாரி வந்து பார்க்கப் போகிறார்? அழகுசாதனப் பொருள் தயாரிக்க உரிமம் வேண்டும். விற்க உரிமம் வேண்டியதில்லை. ஆகவே கடைகளின் கணக்கே இலாகாவிடம் கிடையாது.

இப்போது "கெமிக்கல் இல்லாதது", "மூலிகை", "இயற்கை" என்று கூவுகிறவர்களிடம் வருவோம். தண்ணீர் சேர்ந்த சரக்கு, மருந்தே இல்லாமல் மாதக்கணக்கில் கெடாது என்று எவன் சொன்னாலும் அவன் ஒன்று பொய் சொல்கிறான், அல்லது கெட்ட சரக்கை விற்கிறான். சோடியம் பென்சோயேட்டைச் சேர்த்துவிட்டு மூலிகைப் படம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மருந்தும் புளிப்புத் தன்மை இருந்தால்தான் வேலை செய்யும். இந்த விவரம் தெரியாமல் சேர்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால் கிருமிக்குக் கொண்டாட்டம்தான். மகளிர் குழுக்கள் செம்பருத்தி ஷாம்பு காய்ச்சி விற்கின்றன. அந்தப் பெண்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. கிருமியை வேண்டுமென்றே சரக்கில் கலந்து, 28 நாள் வரை எண்ணிப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. அதைச் செய்ய அவர்களிடம் பணம் இல்லை, அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க சர்க்கார் ஆள் அனுப்பவும் இல்லை. அதுவரை தண்ணீர் கலந்த சரக்கை விட்டுவிட்டுப் பொடியும் சோப்புக் கட்டியுமாகச் செய்யுங்கள் என்பதே நமது யோசனை.

அந்த "மூலிகை" எங்கிருந்து வருகிறது? இந்த மலைகளிலிருந்தும்தான். பளியர்கள் முள்ளுக்குள் கைவிட்டுச் சீயக்காய் பறிக்கிறார்கள். வியாபாரி சொன்னதே விலை. சிறு வனப் பொருளைச் சேகரிக்கவும் விற்கவும் 2006 வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது முதல் மலைவாசிகள் வெளியேற்றப் பயத்தில் நாளைக் கடத்துகிறார்கள். பறித்தவன் பெயரும் பாக்கெட்டில் இல்லை, கலந்த மருந்தின் பெயரும் பாக்கெட்டில் இல்லை. சீயக்காய்ப் படம் மட்டும் பளபளவென்று இருக்கிறது.

34-வது விதியின் அந்த விலக்கு நீக்கப்பட வேண்டும். பாக்கெட்டில் இடமில்லையென்றால் சரத்தின் தலைச்சீட்டில் அச்சிடட்டும். காக்கும் மருந்தின் பெயராவது ஒவ்வொரு பாக்கெட்டிலும் தமிழில் இருக்கட்டும். ஒரு நாட்டில் குழந்தைக்கு ஆகாது என்று கம்பெனியே நீக்கிய சரக்கை இந்தியாவில் விற்கத் தடை வேண்டும். தேனி ஜில்லாவிலேயே மாதிரி எடுத்துச் சோதிக்க வசதி வேண்டும். முடிவு வருஷக்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் வர வேண்டும்.

1940 மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டத்தின் 26-வது பிரிவு பலருக்குத் தெரியாது. தான் வாங்கிய பொருளை அரசாங்கப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதித்து அறிக்கை பெற எவருக்கும் அது உரிமை தருகிறது. ஆனால் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு ரூபாய்ப் பாக்கெட்டைச் சோதிக்க கூலிக்காரர் கட்டணம் கட்டுவதா? கூலி வேலை செய்கிறவர்களுக்கு அதை ரத்து செய்யச் சொல்லிக் கேட்போம். அதற்குள், தலையிலோ கண்ணிலோ குழந்தையின் தோலிலோ அரிப்பும் புண்ணும் கண்டால் காலிப் பாக்கெட்டை ஆற்றில் எறிந்துவிடாதீர்கள். தொகுதி எண்ணும் தயாரித்த தேதியும் அச்சிட்டிருந்தால் அதில்தான் இருக்கும். கானாவிலக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதையும் கையில் எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். சீட்டில் அதன் பெயரை எழுதச் சொல்லுங்கள்.